பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றில் நின்றவன்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

போன மாசி மகத்தன்று நானும் என் மனைவி ரேவதியும் திருவண்ணாமலை போயிருந்தோம். வேண்டுதல் எதுவும் இல்லை. கர்நாடகத்துப் போசள ராஜா ஒருவன் இந்த ஊரைத் தலைநகராக வைத்திருந்தான் என்று எங்கோ படித்ததிலிருந்து சுற்றிப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். அரண்மனை எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"அரமனையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ராஜாவுக்குத் திதி வேணா இன்னிக்கு நடக்குது, வர்றீங்களா? அவருக்குப் புள்ள இல்ல. அண்ணாமலையாரே புள்ளையா நின்னு வருஷா வருஷம் பள்ளிகொண்டாப்பட்டு ஆத்துல திதி குடுக்குறாரு."

ரேவதியின் முகம் மாறியது. கல்யாணமான புதிதில், முப்பது வருஷம் முன்னால், ஆறாம் மாதம் கலைந்தது ஒன்று, அதோடு சரி, எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"ராஜாவுக்கு சாமி குடுக்குது. நமக்கு யாருங்க குடுப்பாங்க?"

"நாமதான் போய்ச் சேர்ந்திருப்போமே, குடுத்தா என்ன, குடுக்கலன்னா என்ன?" என்றேன்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்." ஆட்டோவில் ஏறி வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஆற்றங்கரையில் நல்ல வெயில், தள்ளுமுள்ளு. சாமிக்குத் தீர்த்தவாரி முடிந்து ஜனங்கள் அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் எங்களுக்கு முதுகு காட்டி ஒருவன் நின்றிருந்தான், முப்பது வயதுக்குள் இருக்கும். திரும்பினான். நம்பினால் நம்புங்கள், ரேவதியின் முகம். அதே அகன்ற நெற்றி, சும்மா இருக்கும்போதும் சிரிப்பது மாதிரி அதே வாய்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? ரெண்டு பேரும் நெழலுக்குப் போங்க, நான் முடிச்சுட்டு வரேன்" என்றான், தினமும் எங்களை அதட்டிப் பழகியவன் போல. நாங்களும் யார், ஏன் என்று கேட்காமல் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரில் அவன் இல்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்தோம், வரவில்லை. அவன் பக்கத்தில் நின்ற பெரியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"என் பக்கத்துலயா? நான் ஒருத்தன்தாங்க நின்னுனு இருந்தேன்."

ஊர் திரும்பும் பஸ் வேங்கிக்காலைத் தாண்டும்போது ரேவதி சொன்னாள். "உங்க மூக்கு, உங்க காது. அப்படியே உங்கள உரிச்சு வச்சிருந்தான்."

இல்லை, உன் ஜாடை என்றேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஊர் வரும்வரை சண்டை. இடையில் அவள் சிரித்தாள். நமக்கு யார் குடுப்பாங்க என்ற அந்தக் கேள்வியை அவள் பிறகு கேட்டதே இல்லை.

நான்தான் ஒன்றை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை பிள்ளை எள்ளைத் தொட மாட்டான். அவன் திரும்பியபோது கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் கறுப்பாக எள் ஒட்டியிருந்தது.