ஹோபர்ட் ஸ்லோனும் அறுபத்திரண்டு ஜாடி பீன்ஸும்

நிலக்கரிச் சுரங்கத்தை இழுத்து மூடிய வருடம் ஹோபர்ட் ஸ்லோனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தேழு வருடம் அமெரிக்காவின் கென்டக்கி மலைக்கு அடியில் வேலை பார்த்த மனிதர், திடீரென்று பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் மனைவி ரீவாவைத்தான் கேட்க வேண்டும். முதல் வாரம், ஆடாத கதவுகளுக்கெல்லாம் புது ஆணி அடித்தார். இரண்டாம் வாரம், சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை முடித்து வந்த ரீவா, உப்பைத் தேடி அரை மணி நேரம் அலைந்தார்.

"ஹோபர்ட், இந்த வீட்டுல நீ இரு, இல்லன்னா நான் இருக்கேன். ரெண்டு பேரும் இருந்தா வீடு தாங்காது."

அதன் பிறகுதான் அவர் தோட்டத்தில் இறங்கினார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் கிடையாது. ஆகஸ்ட் பிறந்தபோது, பத்துக் குடும்பம் தின்றாலும் தீராத பீன்ஸ் கொடியில் தொங்கியது. அவர் அம்மா செய்தது போலவே, முற்றத்தில் அடுப்பு மூட்டி, துணி வெளுக்கும் பெரிய தொட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, பீன்ஸ் அடைத்த கண்ணாடி ஜாடிகளை மூன்று மணி நேரம் வேகவைத்து எடுத்தார். அறுபத்திரண்டு ஜாடி. நிலவறை அலமாரியில் அவை பச்சைப் பசேலென்று வரிசையாக நிற்பதைப் பார்க்க, காரணமே இல்லாமல் ஒரு நாளைக்கு நான்கு முறை கீழே இறங்கிப் போவார்.

செய்தித்தாளில் ஒரு துண்டு விளம்பரத்தைக் கண்டுபிடித்தது ரீவாதான். கோர்ட்டுக்குப் பின்னால், ஊர்மக்களுக்குப் பயிற்சி தரும் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்தில், வியாழக்கிழமை தோறும் காய்கனிகளை ஜாடியில் அடைத்துப் பாதுகாக்கும் வகுப்பு. ஆறு வாரம். கட்டணம் இல்லை.

"எனக்குத் தெரியாததையா சொல்லித் தரப் போறாங்க?" என்றார் ஹோபர்ட்.

"அப்ப போய் அவங்களுக்குச் சொல்லிக்குடு. வியாழக்கிழமை எனக்கு லீவு. வீடு அமைதியா இருந்தா நல்லா இருக்கும்."

போனார். வகுப்பில் பதினோரு பெண்கள். ஆண் இவர் ஒருவர்தான். முன் வரிசையில் இருந்த மோசெல், இவருடன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன ஹோபர்ட், வழி தெரியாம வந்துட்டியா? டிராக்டர் ரிப்பேர் வகுப்பு அடுத்த மாசம்."

"என்கிட்ட டிராக்டர் இல்ல மோசெல். பீன்ஸ்தான் இருக்கு."

பாடம் நடத்தியவர் கொரின் அடேர் என்ற முப்பது வயதுப் பெண். சமவெளிப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு வருடமாக இந்த மாவட்டத்தின் மனையியல் அலுவலராக இருக்கிறார். முதல் வாரம் ப்ளாக்பெர்ரி ஜாம், இரண்டாம் வாரம் வெள்ளரி ஊறுகாய். ஹோபர்ட்டின் ஜாம்தான் சரியான பதத்தில் உறைந்தது. மோசெலின் ஜாம் கரண்டியிலிருந்து தண்ணீராக ஓடியது. அந்த வாரம் முழுக்க ஹோபர்ட் விசில் அடித்துக்கொண்டே திரிந்தார்.

மூன்றாம் வாரம் பீன்ஸ். புளிப்பில்லாத காய்களை வெறும் கொதிநீரில் வேகவைத்து அடைக்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் பெரிய பிரஷர் குக்கரில்தான் வைக்க வேண்டும் என்றார் கொரின். கொதிநீரின் சூட்டுக்குச் சாகாத ஒரு கிருமி வித்து உண்டு. மூடிய ஜாடிக்குள் அது முளைத்து விஷத்தைக் கக்கும்.

ஹோபர்ட் கையைத் தூக்கினார். "மூணு மணி நேரம் கொதிக்க வச்சாலுமா?"

"ஆறு மணி நேரம் வச்சாலும் பத்தாது சார். தண்ணி கொதிக்கிற சூடு அவ்வளவுதான். அதுக்கு மேல ஏறணும்னா அழுத்தம் வேணும்."

"என்கிட்ட அறுபத்திரண்டு ஜாடி இருக்கு. ஒரு மூடிகூட உப்பல. நல்ல வாசனை. எங்கம்மா இப்படித்தான் செஞ்சாங்க. நாங்க ஏழு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

கொரின் குரலை உயர்த்தவில்லை. "அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ருசியும் கிடையாது. தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடுங்க. அத்தனையும்."

ஹோபர்ட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். மூன்று மாத உழைப்பை, குனிந்து ஒரு களைகூடப் பிடுங்கியிராத பெண் குப்பையில் போடச் சொல்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும் நிலவறையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த நீர், அழகான காய். ஒரு குறை சொல்ல முடியாது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது என்று அவள் சொன்னதை வாய்க்குள்ளேயே நையாண்டியாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் எங்கேயோ பழக்கமானவையாகத் தோன்றின.

அவருடைய சொந்த வார்த்தைகள்தான் அவை. சுரங்கத்தில் ஹோபர்ட்டின் வேலை கரி வெட்டுவது அல்ல. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் தனியாக உள்ளே போய், மீத்தேன் வாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பத்திரம் என்று தெரிந்த பிறகு சுவரில் சாக்பீஸால் தேதியும் பெயரின் முதலெழுத்தும் எழுதிவிட்டு வருவது. ஒருநாள் மீட்டர் ஏறியது. ஒரு பகுதி முழுவதையும் அடைத்துவிட்டு வந்து நின்றார். நாற்பது பேர் வேலையில்லாமல் வெளியே நின்று திட்டினார்கள். "ஒரு நாத்தமும் இல்லையேய்யா!" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டைக்கு வந்தார். "மோப்பம் பிடிச்சுச் சொல்றதுன்னா கம்பெனி நாயை வச்சிருப்பான். எனக்கு மீட்டர் குடுத்திருக்கான். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது" என்று ஹோபர்ட் அசையாமல் நின்றார். அன்று அந்த நாற்பது பேரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

இன்று சட்டையைப் பிடிக்க வந்தவரின் இடத்தில் அவரே நிற்கிறார். ஹோபர்ட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ரீவா எட்டிப் பார்த்தார். "தனியா சிரிக்கிற. டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அந்த ஆபீஸ் நம்பரைக் குடு."

எப்படி அப்புறப்படுத்துவது என்று கொரினிடமே கேட்டார். ஜாடியைத் திறக்காமல் தடித்த பைகளில் கட்டி, குப்பைக் கிடங்கில் சேர்க்கச் சொன்னார் அவர். பீன்ஸோடு ஜாடிகளும் போயின. வண்டியில் ஏற்றும்போது ஹோபர்ட் ஒவ்வொரு பையையும் எண்ணினார்.

அடுத்த வியாழன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மோசெல் விடுவாரா?

"பீன்ஸ் என்ன ஆச்சு?"

"அடக்கம் பண்ணியாச்சு. பாஸ்டரை மட்டும் கூப்பிடல."

கொரினே வாய்விட்டுச் சிரித்தார். அன்றைய வகுப்பில் குக்கர் மூடியின் மேல் அழுத்தம் காட்டும் முள்ளைச் சோதிக்கும் கருவியை எடுத்துக் காட்டினார். முள் பழசானால் பொய் சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஹோபர்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் வாயு மீட்டரை மாதாமாதம் சரிபார்த்தவர் அவர். கருவி கைக்கு வந்ததும் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இப்படிச் சோதிச்சுப் பார்க்க எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டார்.

"இலவசம்தான். விளம்பரமும் போடறோம். போன வருஷம் ஏழு பேர் வந்தாங்க."

"எப்படி வருவாங்க? பாத்திர மூடியைத் தூக்கிக்கிட்டு, அம்பது நிமிஷம் மலைப்பாதையில வண்டி ஓட்டி வந்து, தெரியாத ஊர்ப் பொண்ணுகிட்ட என் சமையலைச் சோதிச்சுப் பாரும்மான்னு நீட்டுவாங்களா? நாமதான் அவங்ககிட்ட போகணும்."

அதற்குப் பல்கலைக்கழகத்தின் தன்னார்வலர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கப் படிப்பு, கடைசியில் எழுத்துத் தேர்வு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பாடப் புத்தகத்தைக் கொண்டு வந்து ரீவாவின் முன்னால் வைத்தார். ரீவா தினமும் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் சோள ரொட்டி இல்லை. மார்ச்சில் தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கினார். சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப்பட்டை ஒன்று கொடுத்தார்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று அலுத்துக்கொண்டவர், மறுநாள் முடிவெட்டப் போகும்போதும் அதைக் குத்திக்கொண்டு போனார்.

முதலில் அவர் போய் நின்ற இடம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பாப்டிஸ்ட் சபை. சபையின் சமையலறை பாஸ்டரின் மனைவி யூலாவின் ராஜ்ஜியம். குக்கர் அவருடைய கல்யாணத்துக்கு வந்தது. ஹோபர்ட் கருவியை மாட்டிக் காற்றை ஏற்றினார். மூடியின் முள் பதினொரு பவுண்டில் நின்றது. உண்மையான அழுத்தம் ஏழுதான் என்றது கருவி.

"உன் மிஷின்தான் தப்பு, பிரதர் ஹோபர்ட்."

"இருக்கலாம் சிஸ்டர். அந்தச் சந்தேகத்துலதான் போன வாரம் யுனிவர்சிட்டியில குடுத்து இதையும் சரிபார்த்துட்டு வந்தேன்."

"நாப்பது வருஷமா இதுல சமைச்சு இந்தச் சபைக்கே போட்டிருக்கேன். யாராவது செத்தாங்களா?"

"இல்ல. எங்கம்மா கைப் பீன்ஸைத் தின்னு நானும் சாகல. ஆனா நான் செஞ்ச அறுபத்திரண்டு ஜாடியையும் போன வருஷம் குப்பையில போட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஜாடியைத் திறந்து யார் பிள்ளைக்கோ பரிமாறுறப்ப பயப்படறதுக்கு அது மேல் இல்லையா சிஸ்டர்?"

யூலா கையைக் கட்டிக்கொண்டு அந்த முள்ளையே முறைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புது முள்ளு எங்க கிடைக்கும்?"

"உங்க ஊர் ஹார்ட்வேர் கடையிலயே இருக்கு. நானே மாட்டித் தர்றேன்."

ஞாயிறு ஆராதனை முடிந்து, பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி வாயை மூடுமுன் யூலா எழுந்து நின்றாராம். "சனிக்கிழமை எல்லாரும் குக்கர் மூடியைக் கொண்டு வரணும். சோதிக்காத குக்கர்ல வெந்த எதுவும் இனிமே இந்தச் சபை விருந்துல மேஜை ஏறாது." அவ்வளவுதான் பிரசங்கம்.

சனிக்கிழமை காலை ஹோபர்ட்டும் கொரினும் போய் இறங்கியபோது, சபையின் படிக்கட்டு முழுக்க மூடிகள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பெண்கள் புல்தரையில் நாற்காலி போட்டு, காபியோடு காத்திருந்தார்கள். யூலா வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

கொரின் கைப்பையைத் திறந்து படிவங்களை எண்ணினார். "ஹோபர்ட், சோதனை முடிவை எழுதித் தர நான் இருபது படிவந்தான் கொண்டு வந்தேன்."

"அப்ப ஆபீஸுக்கு ஒரு ஓட்டம் போயிட்டு வந்துடும்மா. நான் அதுக்குள்ள ஆரம்பிக்கிறேன்" என்றபடி ஹோபர்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதல் மூடியை எடுத்து, சீட்டில் இருந்த பெயரைத் தெரு முனை வரைக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.