பட்டுச்சேலையோடு பர்னரைப் பற்றவைத்தவர்

கடந்த மாசி மாதம், கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நடந்த சம்பவம் இது.

நானும் கணவரும் வீட்டிலேயே சின்னதாகப் பேக்கரி வைத்து, பாணும் பணிஸும் போட்டு ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் விறகில் எரியும் போறணை அடுப்புதான். புகையில் என் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். நான் தினமும் அழுகிறேன் என்று நினைத்த பக்கத்துக் கடைக்காரர், என் கணவரைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொன்னாராம்! அதன்பிறகுதான் இவர், வவுனியாவில் மூடிய ஒரு பேக்கரியிலிருந்து டீசலில் எரியும் பழைய பர்னரை வாங்கிவந்து, ஆள் பிடித்துப் போறணையில் பூட்டுவித்தார்.

முதன்முதலாக அதைப் பற்றவைக்கிற நாளன்றே எங்களுக்குப் பெரிய ஓடர். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பின்னேரம் பணிஸ் வேண்டும். மாவைக் குழைத்து, உருட்டித் தட்டுகளில் அடுக்கிவிட்டேன். சுவிச்சைப் போட்டால் பர்னர் இரைந்தது, இருமியது, நின்றது. பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை இவர் அமத்தினார். திரும்பவும் அதே இரைச்சல், அதே இருமல். பூட்டித் தந்தவர் போனை எடுக்கவில்லை. விறகையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். மாவோ யாருக்கும் காத்திராமல் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வான் வந்து நின்றது. நீலப் பட்டுச்சேலையும் நகைகளுமாக, என் வயதிருக்கும் ஒரு பெண் இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற வழியாம்.

"குறை நினைக்காதேங்கோ, ஒருக்கா உங்கட பாத்றூமுக்குப் போகலாமோ?"

"ஓம், பின்னால இருக்கு, வாங்கோ" என்று கூட்டிப்போனேன்.

திரும்பி வரும்போது அவர் போறணையடியில் நின்றுவிட்டார். இவர் மறுபடியும் பொத்தானில் கை வைத்ததுதான் தாமதம், அந்தப் பெண் ஒரு சத்தம் போட்டார்.

"அண்ணை, கையை எடுங்கோ! இனி அதை அமத்தாதேங்கோ!"

இவர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் அமத்த அமத்த டீசல் உள்ளுக்குப் போய்த் தேங்கி நிக்கும். இப்ப பத்தினால் கதவு பறந்து உங்கட முகத்திலதான் அடிக்கும்."

கதவைத் திறந்து பார்த்தோம். உள்ளே டீசல் மினுங்கியது. இவர் அதன் நேர் முன்னால்தான் குந்தியிருந்தார்; தோளைப் பிடித்து அப்பால் இழுத்தேன்.

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பழைய துணிகளால் உள்ளே துடைத்தெடுக்கச் சொல்லி, காற்றாட விட்டார். பிறகு ஸ்பனரும் வெறும் பால்மாத் தகரப்பேணியும் கேட்டு வாங்கி, டீசல் பம்பின் பக்கத்திலிருந்த சின்ன நட்டை இளக்கினார். சுவிச்சைப் போட்டதும் நுரைநுரையாக டீசல் பேணிக்குள் துப்பியது. "பம்புக்குள்ள காத்துப் பிடிச்சிருக்கு, வேற ஒண்டுமில்லை" என்றார். நுரை அடங்கி ஒரே சீராக ஒழுகத் தொடங்கியதும் நட்டை இறுக்கினார். அடுத்த கணம் 'புஸ்' என்று தீ பற்றியது!

சிவந்த தீ, கரும்புகை. காற்றுப் போகும் தகட்டை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் திறக்க, தீ பளிச்சென்று மஞ்சளானது. புகைபோக்கியைப் பார்த்தால் புகையே இல்லை.

"இதெல்லாம் ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?" என்று கேட்டேன்.

"கனடாவில எங்கட வீடு சூடாகிறதே இப்பிடி ஒரு மெசினாலதான். ஒருக்காப் பனி கொட்டேக்க நிண்டு போச்சு. அவர் வேலையில, திருத்த ஆக்களும் வர ஏலாது. பிள்ளையள் நடுங்குதுகள். போனில ஒருத்தர் சொல்லச் சொல்ல நானே செய்தன். முதல்தரம் நல்லா அழுதுபோட்டுத்தான் கை வைச்சனான்."

வானில் ஹோர்ன் அடித்தார்கள். "கலியாணம் முடியப்போகுது!" என்று சிரித்தபடி ஓடினார். சேலையில் டீசல் பொட்டுகள். பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

பணிஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் கூடுதலாகப் பொங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்ததாம்.

இப்போது தினமும் பர்னரைப் பற்றவைப்பது நான்தான். மாவு என் வேலை, மெசின் இவருடைய வேலை என்று அதுவரை ஒதுங்கியே நின்றவள் நான். அழுதுவிட்டாவது கை வைத்துப் பார்க்கலாம் என்ற துணிவை, பெயர் தெரியாத அந்தப் பெண் போகிற போக்கில் எனக்குத் தந்துவிட்டுப் போனார்.