எட்டாவது பாதையின் பெட்டி

நான்கு நாள் மைதானத்துக்குள்ளேயே நின்றேன். ஒரு ஓட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெட்டி தூக்கியவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும்.

உலகப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான விளையாட்டுப் போட்டி அந்தக் கோடையில் எங்கள் பக்கம், ஜெர்மனியின் ரூர் பகுதியில் நடந்தது. தொண்டர்கள் தேவை என்று அறிவித்திருந்தார்கள். நான் அப்போதுதான் முதியோர் இல்லச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கணவர் இறந்து ஆறு வருடம். மகன் ஸ்டுட்கார்ட்டில். நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் படுக்கப் போன நாட்கள் உண்டு. அதனால் அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பப் படிவத்தை, நானே நிரப்பி அனுப்பினேன்.

"உமக்கென்ன விசரே? முழங்கால் நோவோட ஓட்டப் போட்டிக்குப் போறீரோ?" என்று மேல்மாடி அக்கா கேட்டா.

"நான் ஓடேல்லை அக்கா. ஓடுற பிள்ளையளின்ர உடுப்பைத் தூக்கப் போறன்."

தொண்டர்களுக்குத் தந்த நீலச் சட்டையைப் போட்டுப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "பார்த்தனான் அம்மா, நல்ல வடிவு" என்று உடனே பதில் வந்தது. அடுத்த நாள் தொலைபேசியில், "என்ன கலர்ச் சட்டை தந்தவை?" என்று கேட்கிறான். நீலம் என்றேன்.

வேலை இதுதான். நூறு மீற்றர் ஓட எட்டுப் பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு தொண்டர் பிளாஸ்டிக் பெட்டியோடு நிற்க வேண்டும். அவர்கள் மேற்சட்டை, காற்சட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போடுவார்கள். கை காட்டியதும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட அணிநடை மாதிரி வரிசையாக, இருக்கைகளுக்குக் கீழே இருக்கும் சுரங்கப் பாதைக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டத்தைத் தொடக்கும் வெடி. நாங்கள் பாதைக்குள்ளால் நடந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது ஓட்டம் முடிந்திருக்கும்.

எங்களைப் பழக்கிய ஜெர்மன் பெண்மணி ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. யாரும் நிற்கக் கூடாது, யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் இடிபடுவார்கள்.

முதல் நாள் காலை, மூன்றாவது ஓட்டம். எனக்கு எட்டாவது பாதை. ஓட்டத்துக்கு முன் வீராங்கனைகளை உட்கார வைக்கும் அறையில், என் பக்கத்து வாங்கில் ஒரு பெண் வந்து இருந்தாள். மேற்சட்டை இரண்டு அளவு பெரிது. முதுகில் ஒரு நாட்டின் பெயர். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பசிபிக் கடலில் ஒரு தீவாம். எங்கள் இலங்கையைச் சின்னத் தீவு என்று சொல்லித் திரிந்தவள் நான்.

அவளுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் போதுமாக இருந்தன. அவர்களுடைய அணியில் மொத்தம் மூன்று பேர். இவள், நீந்துகிற ஒரு பையன், இருவருக்கும் பொதுவாக ஒரு பயிற்சியாளர். தொடக்க விழாவில் இவள் கொடி பிடித்தாளாம், அவன் கை அசைத்தானாம், பயிற்சியாளர் படம் எடுத்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். நீச்சல் வேறு நகரத்தில், அதே காலையில். பயிற்சியாளர் ஒருவர்தானே, அவர் அங்கே போய்விட்டார். நாலு விமானம் மாறி வந்ததை விரல் மடித்து எண்ணிக் காட்டினாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரு ஓட்டம். முன்னுக்கு வராவிட்டால் அவ்வளவுதான்.

"உங்கட வீட்டில பார்ப்பினமோ?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். அங்கே இன்டர்நெட் அந்தளவுக்கு இழுக்காதாம். பிறகு என் பெட்டியில் இருந்த எட்டு என்ற இலக்கத்தையும் தன் இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் பாருங்கோ. ஒரு ஆள் பார்த்தாலே போதும்."

"ஓம், பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டேன். ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் யாரும் எதையும் கேட்டு எவ்வளவு காலம்! வாய் முந்திவிட்டது.

வெளியே வந்தோம். மற்றவர்கள் உடுப்பைச் சுருட்டி எறிந்தார்கள். இவள் மேற்சட்டையை நாலாக மடித்து, நாட்டின் பெயர் மேலே தெரியும்படி வைத்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

கை காட்டினார்கள். நடந்தோம். இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடமாக, வாகனமே இல்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் நான். சுரங்கப் பாதையின் வாசலில் ஒரு கணம் கழுத்தைத் திருப்பியிருந்தால் என்ன வந்துவிடும்? இடிபட்டால் இடிபடட்டுமே. திரும்பவில்லை.

உள்ளே போனதும் வெடி கேட்டது. உடனே இன்னொரு வெடி. சனம் 'ஓ' என்றது. எதிரொலியாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி வெடி, ஆரவாரம். நூறு மீற்றருக்கு இவ்வளவு நேரமா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் மறுமுனை வந்துவிட்டது.

பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றோம். ஏழு பேர் இரைக்க இரைக்க வந்து உடுப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் வரவில்லை. கடைசியாக வந்திருப்பாள், அழுகிறாளாக்கும் என்று நினைத்து, என்ன சொல்வதென்று ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நாங்கள் வந்த சுரங்கப் பாதைக்குள்ளால்தான் அவள் வந்தாள். வாயைத் திறக்க நான் விடவில்லை.

"பார்த்தனான் பிள்ளை! நல்லா ஓடினனீர். கடைசி மட்டும் விடேல்லை!"

அவள் குனிந்து மேற்சட்டையை எடுத்தாள். போட்டு, ஜிப்பை மெதுவாகக் கழுத்துவரை இழுத்தாள்.

"நான் ஓடேல்லை" என்றாள்.

வெடிக்கு முன்னமே அசைந்துவிட்டாளாம். இரண்டாவது வெடி ஓட்டத்தை நிறுத்தத்தானாம். ஒரு தரம் அப்படி நடந்தாலே வெளியேற்றிவிடுவார்கள். சிவப்பு அட்டை காட்டி வழியையும் காட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வியர்வையே இல்லை. மூச்சு வாங்கவில்லை. எதிரில் நின்ற பிள்ளையைக்கூட நான் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அடுத்த ஓட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று ஆசிரியை எட்டு, எட்டு என்று கத்தினா.

"போங்கோ, உங்களைக் கூப்பிடுகினம்" என்றாள் அந்தப் பெண். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. வெளியே பலகையில் ஏழு பெயர்களுக்கு எதிரே நேரம் போட்டிருந்தது. அவளுடைய பெயருக்கு எதிரே, வெளியேற்றப்பட்டவர் என்பதற்கான இரண்டு எழுத்துத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அவ்வளவு பெரிய மைதானத்தில், அவள் ஓடியதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான்.