தொதலும் குதிகாலும்

மூதூர் லோஞ்சைப் படகுத்துறையில் கட்டுமுன்னே, முதல் ஆளாகக் கரையேறும் அவசரத்தில் பாய்ந்து, நாற்பத்தெட்டு வயதில் குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டவன் நான். நீரிழிவும் இருந்தது.

"சீனி குறையாமல் வெட்ட ஏலாது, புண் ஆறாது. மூண்டு கிழமை தாண்டினால் எலும்பு கோணலா ஒட்டிப்போடும்," என்றார் டொக்டர்.

தினமும் காலையில் என் சிறுநீரை மருந்துத் தண்ணீரில் காய்ச்சினார்கள். சீனி இல்லாவிட்டால் நீலமாக நிற்கவேண்டியது செங்கல் நிறமாகவே மாறியது. ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்டினேன், ஊசியைத் திட்டினேன். பார்க்க வந்தவர்கள் தந்த தொதல் இனிப்பைத் தலையணைக்கடியில் வைத்துத் தின்றதை மட்டும் சொல்லவில்லை.

நான்காம் வாரம், பார்க்க வருவோர் குறைய, நீலம் வந்தது. எலும்பும் கோணலாக ஒட்டிவிட்டிருந்தது. இனி ஆயுளுக்கும் நொண்டவேண்டுமே என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"விடுங்கோ," என்றாள். "உங்கட நடை முந்தியும் வடிவில்லைத்தானே."