விடுதலை வாங்கித் தந்த குண்டு

எங்கள் ஊர்ப் பருத்தி ஆலையில் வேலை பார்த்த லெமுவேல் பர்ஃபாய், கோவேறு கழுதை ஒன்றைத் திருடியதற்காக ஒன்பது வருடத் தண்டனை பெற்று மிசிசிப்பி அரசின் சிறைப் பண்ணைக்குப் போனவர். அங்கே சம்பளக் காவலர்கள் குறைவு. கைதிகளில் சிலரிடமே துப்பாக்கியைக் கொடுத்து மற்றவர்களைக் காவல் காக்க வைத்தார்கள். தப்பி ஓடுகிறவனைச் சுட்டவனுக்கு விடுதலைகூடக் கிடைக்கும்.

மூன்றாம் வருடம், வர்ஜில் டேட் என்ற கைதியைச் சுட்டுக் கொன்றார் லெமுவேல். இரண்டே மாதத்தில் ஊர் திரும்பினார். "நல்ல நடத்தைன்னு விட்டுட்டாங்க" என்றார். நாங்களும் கோழி பொரித்து விருந்து வைத்தோம்.

அடுத்த கோடையில் வர்ஜிலின் மனைவி ஆர்டீலியா விசாரித்துக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க அவரோட இருந்தீங்களாமே. எம்புருசன் நெசமாவே ஓடினாரா? இன்னும் ஆறு வாரத்துல வெளிய வரவேண்டிய மனுசன் எதுக்கு ஓடணும்?"

லெமுவேல் தலை நிமிரவில்லை. "ஓடல தாயி. தாகத்துக்கு வாய்க்கால் பக்கம் போனான். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சுட்டேன்."

அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "இத ஞாயித்துக்கெழம சபையில சொல்லுங்க. எம்புள்ளைங்க கேக்கணும்" என்றாள்.

சொன்னார். அவள் பிள்ளைகள் மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தப் பண்ணையிலிருந்து அவ்வளவு சீக்கிரம் ஒருவன் எப்படி வெளியே வருவான் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். விருந்தன்று ஒருவரும் கேட்கவில்லை.