புளி மண்டிக்கு வந்த இரண்டு வண்டிகள்

கல்யாணமாகி நான் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். என் கணவர் வீட்டாருக்குக் கடைத்தெருவில் ஒரு புளி மண்டி இருந்தது. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் அவர் மூத்தவர்தான். ஊரிகம், ஸ்கெலட்டன் என்று சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் பலவற்றில் எங்கள் மண்டிப் புளியைத்தான் கரைத்தார்கள்.

சுற்றிலும் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் வீடுகள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஷிப்டு முடிகிற சங்கு ஊதும்வரை ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டுதான் சமைப்பார்கள். பூமிக்கு அடியில் பாறை வெடித்துத் தரை அதிர்ந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், என் கணவருக்கு வெயிலில் நின்று செய்கிற வேலை என்று மனசுக்குள் நிம்மதிப்பட்டிருக்கிறேன். ஆபத்தெல்லாம் கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிப் போகிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

தை பிறந்தால் காமசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் மலையோரத்து ஊர்களில் புளி உலுக்குவார்கள். நல்ல சதைப்பற்றான புளி. ஆனால் எடுத்துவருவது பெரும்பாடு. பஸ் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து ஓடை மணலைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம் செம்மண் மேடு ஒன்று, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேட்டுக்கு மேலே ஊர். மாட்டு வண்டிதான் அங்கே போகும், அதுவும் பாதி பாரத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு.

மண்டியில் பழைய பிக்கப் வேன் ஒன்று இருந்தது. நல்ல ரோட்டில் நன்றாக ஓடும், மணலைக் கண்டால் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் புதைந்துவிடும். ஒருமுறை அண்ணனும் தம்பியும் பெங்களூருக்குப் போய், நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு உள்ள ஜீப் லாரியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காட்டுப் பாதைக்கென்றே தொழிற்சாலையில் செய்த வண்டி. அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததிலிருந்து கை காயும்வரை அதே பேச்சு.

"அதைப் புக் பண்ணிடலாம்டா" என்றார் மூத்தவர்.

"புக் பண்ணா எப்போ வரும்ணா? பேரை எழுதி வெச்சிட்டு வருசக்கணக்கா காத்துக்கினு கெடக்கணும். அதுவரைக்கும் புளி மரத்துலயே தொங்கிக்கினு இருக்குமா?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்றே?"

"நம்ம வேனையே மாத்திடலாம். பெரிய சக்கரம், கூட ரெண்டு வில்லுப் பட்டை, அடியில ஒரு தகடு. நம்ம ஊர்ல இல்லாத பிட்டரா?"

மூத்தவர் தலையை ஆட்டினார். "கம்பெனி வண்டியில சட்டம், அச்சு, கியர், பிரேக்கு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்ச மாதிரி கீது. நீ பண்றது கழுதைக்குக் குதிரைக் கால் வெக்கிற வேலை."

என் கணவர் சிரித்தார். "கழுதை மலை ஏறும்ணா. குதிரைதான் யோசிக்கும்."

கடைசியில் இரண்டும் நடந்தது. மூத்தவர் ஜீப் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வந்தார். என் கணவர் மண்டிக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் வேனைக் கட்டை மேல் ஏற்றி நிறுத்தினார்.

அந்தச் சில மாதங்கள்தான் நான் அவரோடு மிகவும் சந்தோஷமாக இருந்த காலம். சுரங்க ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பட்டாளத்தில் கழித்துப்போட்ட பெரிய டயர்களை எங்கிருந்தோ வாங்கி வந்தார்கள். டயர் மட்கார்டில் இடித்தது, மட்கார்டை வெட்டினார்கள். அப்பவும் இடித்தது, பட்டைகளைக் கூட்டி வண்டியின் உடம்பை உயர்த்தினார்கள். உயர்த்தியதும் ஸ்டீரிங் கனத்தது. அதைச் சரிசெய்தால் பிரேக் பிடிக்கவில்லை. ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றைக் கேட்டது. அவருக்கு அதில் அலுப்பே வராது. இருக்க இருக்க உற்சாகம்தான். சுரங்க ஏலத்தில் எடுத்த கம்பிக்கயிற்றை முன்னால் ஓர் உருளையில் சுற்றி வைத்தார். வண்டி புதைந்தால் மரத்தில் கட்டிக் கையால் சுற்றி இழுத்துக்கொள்ளலாமாம். இழுப்பு மட்டும் பழையபடி பின்சக்கரம் இரண்டுக்குத்தான். அதை மாற்ற இங்கே யாராலும் முடியாது என்று அவரே சொல்வார்.

மேலே போடுகிற தார்ப்பாயை நான்தான் தைத்தேன். தையல் மெஷினில் ஊசி உடைய உடைய மாற்றித் தைத்தேன். அவர் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பலே, கம்பெனிக்காரன் இப்டித் தைப்பானா?" என்பார்.

வண்டி மேடு ஏறியது. முதல் நடை போய்வந்த அன்று தலையெல்லாம் செம்மண்ணோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து மூத்தவரே சிரித்துவிட்டார். இரண்டு பருவம் அது ஓடியது. வேறு எந்த மண்டிக்காரனும் எட்டாத ஊரிலிருந்து எங்களுக்குப் புளி வந்தது. கடைத்தெருவில் அதற்கு ஒட்டகம் என்று பேர் வைத்தார்கள். வெறும் வண்டியாக வரும்போது திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். நான் பயந்தால், "அது அப்டித்தான், சலாம் போடுது" என்பார்.

மூன்றாம் பருவத்தின் கடைசியில், சித்திரையில், வானம் திடீரென்று மூடிக்கொண்டு கோடை மழை பிடித்தது. மேட்டு ஊரில் களத்தில் காயவைத்த புளி கிடந்தது. நனைந்தால் கறுத்துவிடும். அவர் காலையில் கிளம்பினார். எங்கள் பெண் குழந்தை அப்போதுதான் நடை பழகியிருந்தது. அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் குனிந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் மண்டிக்குச் செய்தி வந்தது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது நனைந்த மேட்டில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் உருண்டுவிட்டது. அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. பேசக்கூடச் செய்திருக்கிறார். ஆனால் அவரைத் தூக்கிவர அங்கே எந்த மோட்டார் வண்டியும் வர முடியாது. அந்த ஊருக்குள் ஏறக்கூடிய ஒரே மோட்டார் வண்டி பள்ளத்தில் கிடந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து ஓடை மணலில் இழுத்து வந்தார்கள். ரோட்டைச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. கம்பெனி வண்டியாக இருந்தால் கவிழ்ந்திருக்குமா என்று என் காது கேட்கவே சொன்னார்கள். கடைத்தெருக்காரர் ஒருவர், "அண்ணன் அப்பவே சொன்னாரு, இந்தப் பையன்தான் கேக்கலே" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த மூத்தவர் எழுந்தார்.

"என் தம்பி கட்டுன வண்டி ரெண்டு வருசம் மலை ஏறிச்சு. நீ இன்னா கட்டுனே? சொல்லு, நீ இன்னா கட்டுனே?"

அந்த மனிதர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூத்தவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். ஒருமுறைகூட, அதற்கப்புறம் எந்தக் காலத்திலும், நான் அப்பவே சொன்னேன் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. ஆனால் சொன்னவர் அவர்தானே. சொல்லியும் தடுக்கவில்லையே என்று அவரை அது உள்ளுக்குள் அரித்தது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அக்கா, அதாவது அவர் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டு போவதுகூடத் தெரியாது.

அடுத்த பருவம் தொடங்கும் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஆள் வந்தது. பதிவு செய்திருந்த ஜீப் லாரி வந்துவிட்டதாம்.

மூத்தவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. யாரையோ அனுப்பி ஓட்டிவரச் செய்தார். முற்றத்தில், அதே இடத்தில், பச்சை வண்ணத்தில் அகலமாக, தரையோடு ஒட்டினாற்போல் நின்றது. பூஜை போடவில்லை. அவர் அதன் பக்கமே போகவில்லை. அக்காதான் ஒருநாள் ஈரத்துணியால் தூசியைத் துடைத்தாள்.

புளி அந்த வருஷமும் காய்த்தது. மேட்டு ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். மூத்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, டிரைவர் வைத்தார். நானும் போகிறேன் என்றேன்.

"வாணாம்மா. நீ எதுக்கு?"

"நான் அந்த இடத்தைப் பாக்கணும் மாமா."

மூத்தவர் டிரைவரைக் கூப்பிட்டு, "மெதுவா இட்டுக்கினு போ" என்றார்.

முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். ஓடை வந்ததும் டிரைவர் கீழே இருந்த, நான்கு சக்கரத்துக்கும் இழுப்புக் கொடுக்கிற சின்னக் கம்பியைத் தள்ளினார். வண்டி மணலில் தண்ணீரில் படகு போவதுபோல் போனது. எதிரே மேடு தெரிந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். உறுமலும் ஆட்டமும் இருக்கும், கல் தெறிக்கும், நாமும் பள்ளத்தில் போவோம் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, சாயாமல், அவசரமில்லாமல், கோயில் படி ஏறுவதுபோல் வண்டி ஏறிவிட்டது. டிரைவர் இடையில் மூக்குப்பொடிகூட உறிஞ்சிக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் கணவர் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்து, கை கொப்பளிக்க ஏறிய மேடு அது. இவ்வளவு சுலபமா? இவ்வளவுதானா? கீழே இறங்கி அந்த வண்டியை உதைக்கலாம்போல் இருந்தது.

மேட்டின் மேல் புளி அடிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். தெலுங்குதான் அவர்கள் பேச்சு. அவர்களில் வயதான ஒருத்தி தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசினாள். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். வண்டியை ஆட்கள் எப்போதோ பிரித்து எடுத்துப்போயிருந்தார்கள். சரிவில் கற்கள் மட்டும் புரண்டு கிடந்தன.

"மூட்டை மேல நாங்க உக்காந்துகினு இருந்தோம்மா" என்றாள். "ரோட்டு வரைக்கும் வரதுக்கு. என் மருமக கூட இருந்தா, வயித்துல புள்ள. இங்க வந்து வண்டிய நிறுத்திட்டாரு. எல்லாரும் எறங்குங்க, நடந்து வாங்கன்னாரு."

"ஏன்?"

"மண்ணு ஈரமா கீது, வண்டி உசரமா கீது, மேல ஆள் இருந்தா சாயும்னாரு. எறங்க மாட்டோம்னு நாங்க சிரிச்சோம். அவரு கத்தினாரு. எப்பவும் கத்தாத மனுசன். அப்பால தனியா எறக்கினாரு."

கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த இளம் பெண்ணை அவள் முன்னால் இழுத்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அந்தப் பெண் குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அது என் தாலி இல்லாத கழுத்தில் முகத்தை வைத்துத் தேய்த்தது. அப்போதுதான் நான் அழுதேன். வண்டி சாயும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சலாம் போடுகிறது என்று சொல்லிச் சிரித்தவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. புளியை மட்டும் ஏன் இறக்கவில்லை என்று அந்த மேட்டில் நின்று அவரைக் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறங்கும்போதும் வண்டி ஆடவில்லை. ரோட்டுக்கு வந்ததும் டிரைவர், "நல்ல வண்டிம்மா" என்றார்.

பொழுது சாய மண்டிக்கு வந்து சேர்ந்தோம். மூத்தவர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் இறங்கும்வரை பொறுத்திருந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மேடு எப்டிம்மா ஏறிச்சு?"

மதியத்திலிருந்து அவர் அங்கேயே நின்றிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அன்றோடு உடைந்துபோவார் என்று பட்டது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுதான் ஏறிச்சு மாமா. ரெண்டு தரம் பின்னால சறுக்கிடிச்சு. பள்ளத்துல போயிடுவோம்னே நெனச்சேன்."

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து மூட்டையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கம்பெனி வண்டியேவா?" என்றார் மூத்தவர்.

"ஆமா மாமா. அந்த மேடு அப்டி."

"அந்த மேடு அப்டி" என்று அவரும் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, "குழந்தைக்குப் பால் குடுத்தீங்களா? இவளுக்குச் சோறு போடுங்க, காலையில போனவ" என்று குரல் கொடுத்தார். அன்று அவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பல வருஷம் இருந்தார். தம்பியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அந்த மேட்டில் கம்பெனி வண்டியே இரண்டு தரம் சறுக்கியது என்று சொல்வார். சொல்லிவிட்டு, இல்லையாம்மா என்று என் பக்கம் திரும்புவார். நான் ஆமாம் என்பேன்.