கீழ் லயத்துச் சிலுவை

முதல் ஞாயிற்றுக்கிழமையே கவனித்தேன். ஆராதனையைத் தொடங்குமுன் உபதேசியார் சுவரில் தொங்கிய மரச்சிலுவையை விரலால் தள்ளி நேராக்கினார். பக்கத்து ஜன்னல் சட்டத்தோடு ஒப்பிட்டு, கொஞ்சம் பின்னால் வந்து பார்த்து, திருப்தியோடு திரும்பினார். ஜெபம் முடிந்து நாங்கள் கண்ணைத் திறந்தபோது அது மறுபடியும் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே ஓடினார்கள்.

அது எழுபதுகளின் கடைசி. நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கடைசி ஆண்டு. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மண்ணையும் ஊற்றுகளையும் ஆராய வந்திருந்தேன். நானும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான், கிளாக்கர் மகள். அதனால் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் எனக்குப் புதிதல்ல. கீழ் லயத்தின் கடைசி அறைதான் ஜெப அறை. அதை அடுத்த அறையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா தனியாக இருந்தார். அவரோடு தங்கினேன். எல்லோருக்கும் நான் 'கெம்பஸ் புள்ள', பல்கலைக்கழகத்துப் பிள்ளை.

"அந்த ரூமுக்குள்ள தனியா போகாத புள்ள" என்றார் முதல் நாளே. "ஒப்பந்தத்துல கப்பலேறி இந்தியாவுக்குப் போன மேல் லயத்து ஆளுங்க கடைசியா அங்கதான் கும்பிட்டுட்டுப் போனாங்க. அப்பத்துலருந்துதான் சிலுவ திரும்புது. ஒடம்பு போயிருச்சு, மனசு இங்கயே நின்னுருச்சு போல."

"நீங்க நம்புறீங்களாக்கா?"

"நான் மாரியாத்தாள நம்புறேன். ஒங்க ரூமு பேய நீங்கதான் நம்பணும்."

ஆனால் அக்காவின் கதவும் தானாகத் திறந்தது. பட்டப்பகலில், காற்றே இல்லாதபோது, யாரோ உள்ளே வருவதற்கு வழிவிடுவதுபோல மெதுவாகத் திறக்கும். வாசலில் மூடுபனி நிற்கும். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "வந்தா ஒக்காரு, இல்லாட்டி கதவ சாத்திட்டுப் போ" என்பார்.

எதையும் பட்டியலாக எழுதுவது என் பழக்கம். எழுதினால் பயம் குறையும். கதவு. மழையே இல்லாத நாளில், ஊற்றிலிருந்து இறங்கும் பீலியில் பால்போலக் கலங்கி வந்த தண்ணீர். பட்டிக்குள் போக மறுத்துக் கத்திய ஆடுகள். தரைக்கு அடியில் யாரோ பாயை இழுத்துப்போவது போன்ற சத்தம். சிலுவை. இந்தப் பட்டியல் நீள நீளப் பயம் கூடியது.

ஒரு பகலில், எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, ஜெப அறைக்குள் தனியாகப் போனேன். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. சிலுவை தொங்கிய அதே ஆணியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் கல்லைத் தொங்கவிட்டேன். கல் ஆடி ஆடி நின்றது. நூல் சிலுவையின் நெடுங்கட்டையை ஒட்டியே இறங்கியது. ஜன்னல், சுவர் மூலை, கதவு நிலை எல்லாம் அந்த நூலை விட்டு ஒரே பக்கமாக விலகியிருந்தன.

சிலுவை நேராகத்தான் தொங்கியது. உபதேசியார் தள்ளிவிட்டால் சொரசொரப்பான சுண்ணாம்புச் சுவர் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்தது, பிறகு விட்டுவிட்டது. அவ்வளவுதான். விடை கிடைத்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. நான் நின்றிருந்த தரை பள்ளத்தாக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கீழ் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் ஒரு நீண்ட வெடிப்பு இருந்தது. அதன் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை அளந்து வந்தேன். வாரத்துக்கு வாரம் அகன்றது. மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு என் பேராசிரியர் ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முளைகளைக் குனிந்து பார்த்தார், என் குறிப்பேட்டை வாசித்தார்.

"அளவு சரி, பிள்ளை. முடிவுதான் சரியில்லை. ஒரு பருவத்து அளவை வைச்சுக்கொண்டு மலை இறங்கும் எண்டு எழுதேலாது. அடுத்த வருஷமும் அளந்துபோட்டு எழுது."

"அதுவரைக்கும் இவங்க இங்கதானே படுப்பாங்க, சேர்?"

"அது தோட்டத்தின்ர வேலை. இறங்காட்டி உன்ர பேர்தான் போகும். உன்ர கோயிலை இதுக்குள்ள கொண்டு வராதை."

அவரைக் குறை சொல்ல முடியாது. அளவைத் தாண்டிப் பேசாதே என்று எனக்குக் கற்பித்தவரே அவர்தான். ஆய்வுக்கூடத்துக்குள் போகுமுன் ஜெபிப்பேன், உள்ளே போனதும் அதை வாசலில் விட்டுவிடுவேன். இரண்டும் தனித்தனி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது. எனக்குத் தெரிந்ததை அந்தக் குழந்தையின் தாயிடம் சொல்லாமல் மறுநாள் எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே உபதேசியார் வந்தார். "மகளே, வர்ற ஞாயிறு நீதான் சாட்சி சொல்லணும். பிசாசுதான் சிலுவைய திருப்புதுன்னு படிச்ச புள்ள நீ சொன்னா, ஜனங்க உபவாசத்துல ஒக்காரும்."

எங்கள் ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து, தம் வாழ்க்கையில் கண்டதைச் சாட்சியாகச் சொல்லலாம். சொல்லச் சொல்லச் சாட்சியில் வரும் காய்ச்சல் பெரிதாகும், சுகம் அதைவிடப் பெரிதாகும். எனக்கு அது ஒத்துவராது. இருந்தாலும் சம்மதித்தேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களையும் வரச் சொன்னேன். அக்கா வாசலில் நின்றார்.

எல்லோர் முன்னாலும் அதே ஆணியில் நூலைத் தொங்கவிட்டேன். கல் அசைவற்று நின்றதும், நூல் சிலுவையோடு ஒட்டி, ஜன்னல் சட்டத்தை விட்டு விலகி நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"சிலுவைய யாரும் திருப்பல. லயம்தான் சாயுது. மேல வெடிப்பு பெருசாகிட்டே வருது. நான் பாத்தது இவ்வளவுதான்."

"மல எப்ப எறங்கும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"தெரியாது."

"எறங்காமலே போனா?"

"அதுவும் நடக்கலாம். ஆனா மழை நேரத்துல இங்க படுக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும்."

போவதற்கு ஒரே இடம், வெடிப்பைத் தாண்டிப் பாறை மேட்டில் இருந்த மேல் லயம். கப்பலேறியவர்கள் விட்டுப்போன காலி அறைகள். கூரையை அவரவரே பார்த்துக்கொள்வதானால் போகலாம் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னிடம் சொல்லியிருந்தார். அக்கா வாசலிலிருந்து கேட்டார்: "அப்ப மண்ணுக்குப் பயந்து பேய்கிட்ட போகச் சொல்றியா புள்ள?"

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை விரலால் ஒருமுறை தள்ளினார். அது திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. பிறகு சிலுவையை ஆணியிலிருந்து கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான் போறேன். வாறவங்க வாங்க."

ஒவ்வொரு குடும்பமாக எல்லோரும் வந்தார்கள். கடைசியாக அக்கா, மாரியம்மன் படத்தோடு.

மேல் லயத்தில் நாங்கள் நுழைந்த அறையில் ஒரு சீப்பு கிடந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடு போட்டிருந்தார்கள். அக்கா அந்தச் சுவர்ப் பக்கம் படுக்கவில்லை. மழை தொடங்கியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. ஆய்வின் கடைசி அத்தியாயத்தை அங்கேதான் எழுதினேன். கூட்டத்தில் சொன்னதையே எழுதினேன், "எப்போது என்று தெரியவில்லை" என்பது உட்பட.

நாட்கணக்காகப் பெய்து ஒரு காலையில் மழை விட்டது. பனி கொஞ்சம் விலகியது. மேலிருந்து பார்த்தால், பனிக்குள் கீழ் லயத்தின் கதவு வரிசை அப்படியே நின்றது.

"கெம்பஸ் புள்ள, ஒங்க மல எங்கயும் போகலியே!" என்று ஒருவர் கத்த, பலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பேராசிரியர் நினைவுக்கு வந்தார்.

அக்கா தன் அம்மிக்கல்லை எடுத்துவரக் கீழே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். லயத்தின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. அக்கா தன் வாசலில் கால் வைக்கப்போய், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அறை இல்லை. தரை இல்லை, கூரை இல்லை, பின்சுவர் இல்லை. முன்சுவர் மட்டும் நின்றது. உள்ளே பனி நிறைந்திருந்தது.

அக்காவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கீழே, வெகு ஆழத்தில், பாயை இழுத்துப்போகும் அந்தச் சத்தம் இன்னும் கேட்டது.